விடியற்காலையில் செபித்தால் அமைதி வருமா?

கேள்வி: ஜனவரி 27

திருமணமாகிப் பாம்பனுக்கு வந்து சில ஆண்டுகள்தான் ஆகின்றன. பிறந்த ஊர் சிவகங்கைப் பக்கம். கண்மாயைப் பார்த்து வளர்ந்தவள். கணவர் விசைப்படகில் கடலுக்குப் போகிறார். காலையில் அரைமணி நேரம் இறைவனோடு அமர்ந்திருந்தால் நாள் முழுவதும் அமைதி தங்கும் என்று எங்கள் பங்கில் தியானம் கொடுக்க வந்த குருவானவர் சொன்னார். நானும் அமர்கிறேன். ஆனால் அவர் கடலில் இருக்கும் நாட்களில் அந்த அரைமணி நேரம்தான் எனக்கு மிகவும் நடுக்கமான நேரம். என் விசுவாசத்தில் குறை இருக்கிறதா? அக்காமார் யாராவது சொல்லுங்கள்.

ஜனவரி 27, இரவு

விசுவாசத்தில் குறை தேட வேண்டாம். நீங்கள் உட்காருகிற நேரத்தைப் பாருங்கள். இராமேசுவரம் பக்கத்து விசைப்படகுகள் திங்கள், புதன், சனி ஆகிய நாட்களில் கடலுக்குப் போகின்றன. மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு உரியவை. போன விசைப்படகு மறுநாள் காலையில்தான் கரை திரும்பும். ஆகவே செவ்வாய், வியாழன், ஞாயிறு விடியற்காலை என்பது இந்தக் கரையில் செய்தி வரும் நேரம். பாடு, அதாவது மீன் பட்டது, எப்படி, டீசல் காசாவது தேறியதா, வலை அறுந்ததா, எல்லை தாண்டியதாகச் சொல்லி யாரையாவது பிடித்துக்கொண்டு போனார்களா என்பதெல்லாம் அந்த நேரத்தில்தான் தெரியவரும். அப்போது நெஞ்சு படபடக்காத பெண் ஒருத்தி பாம்பனில் இருந்தால், அவள் படகுக்காரர் வீட்டில் வாழ்க்கைப்பட்டவளாக இருக்கமாட்டாள்.

உங்களுக்குத் தியானம் கொடுத்த குருவானவர் கடற்கரை அறியாத உள்நாட்டுக்காரராக இருக்கவேண்டும்.

ஜனவரி 28

குருவானவரைக் கேலி செய்யலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் சொன்னதில் பாதி உண்மை என்பதால்தான் இவ்வளவு எழுதுகிறேன். காலைச் செபத்தைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் மாற்கு முதல் அதிகாரம் 35-ஆம் வசனத்தைக் காட்டுவார்கள்: இயேசு விடியற்காலைக் கருக்கலில் எழுந்து, தனிமையான ஓர் இடத்திற்குப் போய் வேண்டிக்கொண்டிருந்தார். பிரசங்கம் வழக்கமாக அந்த வசனத்தோடு நின்றுவிடும். அடுத்த இரண்டு வசனங்களையும் சேர்த்துப் படியுங்கள். சீமோனும் அவரோடு இருந்தவர்களும் தேடிக்கொண்டு வந்து, "எல்லாரும் உம்மைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்" என்கிறார்கள். தேடி வந்தவர்களும் மீன்பிடிக்கிறவர்கள்தாம் என்பதைக் கவனிக்கவேண்டும். இருட்டில் எழுந்து நடமாடுவது அவர்களுக்குப் பழக்கம். அவர், "இன்னும் கொஞ்ச நேரம் இருங்கள், என் அமைதி கலைகிறது" என்று சொல்லவில்லை. அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்று எழுந்து நடந்தார். அந்தச் செபம் எவ்வளவு நேரம் நீடித்தது என்று மாற்கு எழுதவில்லை. நடுவில் கலைந்துபோன செபம்தான் அன்றைக்கு அவர் நடக்கவேண்டிய திசையைக் கொடுத்தது என்பது மட்டும் தெரிகிறது.

ஆகவே, தங்கச்சி, உங்கள் அரைமணி நேரம் கலைந்துபோவதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். எழுந்திருக்கும்போது எந்தப் பக்கம் திரும்பி எழுந்திருக்கிறீர்கள் என்பதே பெரிது.

ஜனவரி 30

"அப்படியானால் நீங்கள் என்னதான் செய்கிறீர்கள்?" என்று தங்கச்சி கேட்டிருக்கிறார். கேட்கவேண்டிய கேள்விதான். சொல்கிறேன்.

படகு திரும்பும் காலைகளில் நான் அரைமணி நேரம் உட்கார்ந்ததில்லை. கண் விழித்ததும், விளக்கைப் போடுவதற்கு முன், கைபேசியைத் தொடுவதற்கு முன், ஒரே ஒரு வரி: "ஆண்டவரே, என் இதழ்களைத் திறந்தருளும்." துறவு மடங்களில் ஒவ்வொரு நாளின் செபமும் இந்த வரியோடுதான் தொடங்குகிறது, 51-ஆம் திருப்பாடலில் இருப்பது. பேச்சு எழும்பாத நேரத்தில் பேச வைக்கும்படி கேட்கிற வரி என்பதால், பயத்தில் தொண்டை அடைத்துப்போன பெண்ணுக்கும் அது பொருந்துகிறது. இயேசு சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியார் தம் 'ஆன்மீகப் பயிற்சிகள்' நூலில், விழித்தவுடன் வேறு நினைவு எதையும் உள்ளே விடாமல் உடனே செபிக்கப்போகும் பொருளின் பக்கம் மனத்தைத் திருப்பச் சொல்கிறார். கைபேசி இல்லாத பதினாறாம் நூற்றாண்டிலேயே அவருக்கு இது தெரிந்திருக்கிறது. விழித்தவுடன் கைபேசியைப் பார்த்தால் நேற்றிரவு எந்தப் படகு எங்கே நின்றது என்று யாரோ கேட்டு, யாரோ தப்பாகச் சொல்லி, இன்னொருவர் அழுகிற குரலில் பதிவு அனுப்பியிருப்பார். அதற்குப் பிறகு செபம் என்று ஒன்று இல்லை, விசாரணை மட்டுமே.

அந்த வரிக்குப் பிறகு செக்கரியாவின் பாடல். லூக்கா முதல் அதிகாரம் 68 முதல் 79 வரை. திருச்சபையின் காலைப் புகழில் நாள்தோறும் சொல்லப்படுவது இதுதான். இதன் கடைசி வரியைப் பாருங்கள்: இருளிலும் இறப்பின் நிழலிலும் இருப்பவர்களுக்கு விடியல் ஒளி தரும், நம் காலடிகளை அமைதி வழியில் நடக்கச் செய்யும். அமைதி இங்கே கால்களுக்குத்தான் கேட்கப்படுகிறது. நெஞ்சைப் பற்றி அந்த வரியில் பேச்சே இல்லை. நெஞ்சு படபடத்துக்கொண்டே இருக்கட்டும், கால் சரியான வழியில் நடந்தால் போதும் என்று நான் எடுத்துக்கொண்டேன். அந்தப் பாடலைச் சொன்ன செக்கரியா, ஒன்பது மாதங்களுக்கு மேல் பேச முடியாமல் இருந்துவிட்டு வாய் திறந்தவர் என்பதையும் மறக்கவேண்டாம்.

அதற்குள் கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை திரிகால செபத்துக்கு மணி அடித்துவிடுவார். வானதூதர் மரியாளுக்குச் சொன்ன செய்தியை நினைத்து காலை, நண்பகல், மாலை என மூன்று வேளை சொல்லும் செபம் அது. மும்மூன்றாக மூன்று முறை. இந்த மாதத்தில் ஆறு மணிக்கு இன்னும் இருட்டுதான். மணி கேட்டதும் நின்ற இடத்தில் நின்று சொல்வேன்; அடுப்படியில் நின்றால் அடுப்படியில். பிறகு செபமாலையைக் கையில் எடுத்துக்கொண்டு கரைக்கு நடப்பேன். ஐம்பத்துமூன்று மணியும் முடிவதற்குள் படகுத்துறை வந்துவிடும். பத்து மணிகள் கொண்ட ஒரு பகுதி பாக்கி இருந்தால் அங்கே நின்று முடிப்பேன். இவ்வளவுதான்.

செபமாலையில் செவ்வாய்க்கிழமைக்கு உரியது, இயேசுவின் பாடுகளை நினைக்கும் துயர மறைபொருள். படகு திரும்பும் காலையில் முதல் மறைபொருளே கெத்சமனித் தோட்டம். அவரும் ஒரே வார்த்தைகளையே மூன்று முறை திரும்பத் திரும்பச் சொல்லி வேண்டினார் என்று மத்தேயு எழுதுகிறார். கூட வந்தவர்கள் தூங்கிவிட்டார்கள். செபமாலையில் சொன்னதையே சொல்கிறோம் என்று குறைபடுகிறவர்கள் இந்த இடத்தைப் படிக்கலாம்.

பிப்ரவரி 2

காலையில் ரோசாப்பூப் படத்தோடு "அவருடைய இரக்கங்கள் காலைதோறும் புதியவை" என்று பத்துப் பேராவது அனுப்புகிறார்கள். அனுப்புங்கள், தவறில்லை. ஆனால் அந்த வசனம் புலம்பல் நூலில் மூன்றாம் அதிகாரத்தில் இருக்கிறது. எருசலேம் எரிந்து, கோவில் இடிந்து, குழந்தைகள் தெருவில் பசியால் மயங்கி விழுந்ததைப் பாடுகிற நூல் அது. அந்த இடிபாட்டின் நடுவில் ஒருவன் சொன்ன வரி. பூப்படம் போடுகிறவர்கள் ஒரு தடவையாவது தனுஷ்கோடிப் படம் போட்டுப் பார்க்கலாம்.

பிப்ரவரி 4

இன்று மறவ நாட்டில் வேதம் போதித்த குருவானவர் அருளானந்தரின் திருநாள். ஓரியூருக்குப் போக முடியவில்லை, முட்டி வலி. இந்த இழைக்கு அவர் பொருத்தமானவர் என்பதால் எழுதுகிறேன். 1693-ஆம் ஆண்டு பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் பாம்பாற்றங்கரையில் அவரை வெட்டினார்கள். அதற்கு முந்தின நாள், கரியைத் தண்ணீரில் குழைத்து மையாக்கி, உடன்துறவிகளுக்குக் கடிதம் எழுதினார். நாளைக்கு இறக்கப்போகிறவர் எழுதிய கடிதம் என்றால் நாம் என்ன எதிர்பார்ப்போம்? அவர் தம்முடைய வழக்கு எப்படி நடந்தது, யார் எங்கே அனுப்பினார்கள், எதைக் குற்றமாகச் சொன்னார்கள் என்று நடந்ததைத் தெளிவாக எழுதுகிறார். கலக்கம் இல்லாதவர் என்று பிரசங்கங்களில் சொல்வார்கள். அவருக்குள் என்ன நடந்தது என்பது அவருக்கும் ஆண்டவருக்கும் மட்டுமே தெரியும். அன்று செய்யவேண்டிய வேலை கடிதம் எழுதுவது. மை இல்லாதபோதும் அதைச் செய்தார். செக்கரியாவின் பாடலைப் பற்றி மேலே நான் எழுதியதற்கு இதைவிட நல்ல சாட்சி நம் மாவட்டத்தில் கிடையாது.

பிப்ரவரி 9

நல்ல சண்டை ஒன்று வந்திருக்கிறது. "அதிகாலையில் எழுந்து செபிப்பவர்களுக்கே ஆசீர்வாதம்" என்று ஒருவர் எழுத, இன்னொருவர் 127-ஆம் திருப்பாடலைத் தூக்கிப் போட்டிருக்கிறார். வைகறையில் எழுந்து, இரவு வெகுநேரம் கழித்து ஓய்ந்து, வருந்தி உழைத்து உண்பது வீண். அவர் தம் அன்பர்களுக்கு உறக்கத்தைத் தருகிறார் என்ற பொருளில் வருகிற பாடல். என் வாக்கு இந்த இரண்டாம் ஆளுக்கு.

ஆனால் அவரிடம் ஒன்று சொல்லவேண்டும். இந்தக் கரையில் வைகறையில் எழுவது பக்தியால் அல்ல, பிழைப்பால். சின்னப்பாலத்திலும் மண்டபத்திலும் கடல்பாசி எடுக்கப்போகும் பெண்களைப் பாருங்கள். இருட்டிலேயே எழுந்து, பிள்ளைகளுக்குச் சோறு வைத்து மூடிவிட்டு, விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, முங்கும்போது போடும் கண்ணாடியை எடுத்துக்கொண்டு, வள்ளத்தில் தீவுப் பக்கம் போகிறார்கள். பாறையில் விரல் கிழியும். மூச்சை அடக்கி முங்கவேண்டும். அவர்களிடம் போய், "காலையில் அரைமணி நேரம் அமைதியாக அமருங்கள்" என்று சொல்ல எனக்கு வாய் வராது. என்னோடு பள்ளியில் படித்த ஒருத்தி அந்த வேலைக்குத்தான் போனாள். வள்ளம் புறப்படும்போது சிலுவை அடையாளம் போடுவாள். முங்குவதற்கு முன் ஒரு தடவை போடுவாள். "தண்ணிக்குள்ள போய் என்ன செபம் சொல்றது, மூச்சு வேணும்ல" என்பாள். முங்கும் ஒவ்வொரு தடவையும் மூச்சை யாரிடமோ ஒப்படைத்துவிட்டுப் போகிறவளுக்கு அதற்கு மேல் என்ன சொல்லிக்கொடுக்க முடியும்? காலைச் செபத்தைப் பற்றி நான் படித்த எந்த நூலிலும் அவளைப் போன்ற ஒருத்தி இல்லை என்பது எனக்குக் குறையாகவே படுகிறது.

பிப்ரவரி 15

தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்த சகோதரர் ஒருவர், எங்கள் அதிகாலை ஜெபத்தில் மனப்பாடம் கிடையாது, வேதம் வாசித்துவிட்டு மனம் திறந்து சொந்த வார்த்தைகளில் பேசுவோம், அதனால்தான் சமாதானம் வருகிறது என்று எழுதியிருக்கிறார். பதில் சொல்லவேண்டாம் என்று இரண்டு நாள் இருந்தேன். முடியவில்லை.

நல்ல வழக்கம்தான். நான் ஆசிரியையாக வேலை பார்த்த பள்ளியில் உடன்வேலை பார்த்தவர் உங்கள் சபைக்காரர். அவருடைய காலை ஜெபத்தைக் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு பிள்ளையின் பேரையும் சொல்லி, கணக்கில் தவறிய பிள்ளை, காய்ச்சலில் கிடக்கும் பிள்ளை என்று பிரித்துப் பிரித்து ஆண்டவரிடம் பேசுவார். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. ஆனால் சொந்த வார்த்தை வருவதற்கு மனத்தில் கொஞ்சமாவது இடம் வேண்டும். பயம் முழுவதையும் அடைத்துக்கொண்ட காலையில் சொந்த வார்த்தையாக எனக்கு வருவது, "அவரைக் கொண்டுவந்து சேரும், கொண்டுவந்து சேரும்" என்பது மட்டுமே. அதை இருபது தடவை சொன்னால் பயம் இருபது மடங்காகிறது. அந்த நேரத்தில், எனக்கு முன்னால் எத்தனையோ பேர் சொல்லித் தேய்த்த வார்த்தைகளைப் பிடித்துக்கொள்வது, இருட்டில் படகில் ஏறும்போது கயிற்றைப் பிடித்துக்கொள்வதைப் போன்றது. கயிறு என்னுடையதாக இருக்கவேண்டும் என்பதில்லை.

சவேரியார் 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது இதைத்தான் செய்தார். கையில் மணியை எடுத்துக்கொண்டு ஊருக்குள் நடந்து ஆட்களைக் கூட்டி, தமிழில் பெயர்த்த செபங்களைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார். தமிழ் சரியாகத் தெரியாதவர், தமிழில் மனப்பாடம் செய்வித்தார். சொந்த வார்த்தை அவரிடமும் அப்போது இல்லை.

பிப்ரவரி 16

சகோதரர் கோபப்படவில்லை, "எங்களிடமும் 23-ஆம் சங்கீதம் மனப்பாடம்தான்" என்று எழுதியிருக்கிறார். சண்டை முடிந்தது.

மார்ச் 2

ஒருவர் கடுமையாகக் கேட்டிருக்கிறார்: "காற்றையும் கடலையும் அடக்கினார் என்கிறீர்கள். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியில் புயலை ஏன் அடக்கவில்லை? அன்றைக்கும் அங்கே கோயில் இருந்தது. காலைச் செபம் சொன்னவர்கள் இருந்தார்கள்."

இருந்தார்கள். அந்தக் கோயிலின் சுவர் இப்போதும் நிற்கிறது. சுற்றுலா வருகிறவர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த இரவில் இரயிலோடு போனவர்களின் பேரைச் சொல்லி அழுத வீடுகளை எனக்குத் தெரியும். ஏன் அடக்கவில்லை என்பதற்கு என்னிடம் விளக்கம் இல்லை. விளக்கம் வைத்திருப்பவர்களைக் கண்டால் நான் கொஞ்சம் தள்ளி உட்காருவேன்.

மாற்கு நான்காம் அதிகாரத்தில் எனக்குப் பிடித்த இடம் வேறு. சீடர்கள் அவரை எழுப்பி, "போதகரே, சாகப்போகிறோமே! உமக்குக் கவலையில்லையா?" என்கிறார்கள். மரியாதையான செபமா இது? குற்றச்சாட்டு. அவர் எழுந்து முதலில் காற்றைக் கடிந்துகொள்கிறார், அதற்குப் பிறகுதான் "ஏன் அஞ்சுகிறீர்கள்?" என்று இவர்களிடம் கேட்கிறார். முதலில் பயத்தை விடு, பிறகு உதவுகிறேன் என்று அவர் சொல்லவில்லை. கேள்வி கேட்ட தங்கச்சிக்கு நான் சொல்ல வந்ததும் இதுதான். நடுங்கிக்கொண்டே செபிக்கலாம். குற்றம் சாட்டிக்கொண்டும் செபிக்கலாம். 1964-ஐப் பற்றிய கேள்வியையும் அவரிடமே கேட்கலாம், நான் கேட்டிருக்கிறேன்.

மார்ச் 4

மத்தேயுவில் வரிசை மாறி இருக்கிறது, அங்கே முதலில் சீடர்களைத்தான் கேட்கிறார், பிறகுதான் காற்றை அடக்குகிறார் என்று ஒருவர் எடுத்துக்காட்டியிருக்கிறார். உண்மை, எட்டாம் அதிகாரம் 26-ஆம் வசனம். இரண்டு வரிசையும் வேதத்தில் இருக்கின்றன. துணிச்சலானவர்கள் மத்தேயுவை எடுத்துக்கொள்ளட்டும். படகுக்காரர் வீட்டுப் பெண்களுக்கு மாற்கு போதும்.

மார்ச் 10

கச்சத்தீவுத் திருவிழாவைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். அந்தோணியார் கோயில் முன்னால் முதல் நாள் மாலை சிலுவைப்பாதை, தேர். மறுநாள் காலையில் திருவிழாத் திருப்பலி. 1974 ஒப்பந்தத்துக்குப் பிறகு தீவு அந்தப் பக்கம் போய்விட்டாலும், இரண்டு கரை ஆட்களும் ஒரே மணலில் படுத்து எழுந்திருக்கிறார்கள். குடிக்கத் தண்ணீர் கிடையாது, கேனில் கொண்டுபோகவேண்டும். காலைத் திருப்பலியில் நமக்குப் பக்கத்தில் முழந்தாளில் நிற்பவர் யாழ்ப்பாணத்துப் பெண்ணாக இருப்பார். அவர் வீட்டு ஆளும் கடலுக்குத்தான் போகிறார். அவரும் நாம் வேண்டுவதைத்தான் வேண்டுகிறார். நம் விசைப்படகால் அவர்கள் வலை அறுந்த கதையை அங்கேதான் நான் முதலில் கேட்டேன்.

சென்ற காலங்களில் போன அனுபவத்தை நினைத்துப் பார்க்கையில், என் வாழ்நாளில் முழு அமைதி என்று சொல்லத்தக்க காலைகள் அங்கேதான் வாய்த்தன. காரணம் தெய்வீகமானதாக இருக்கலாம். ஆனால் சாதாரணக் காரணம் ஒன்றும் உண்டு: அந்த ஒரு காலையில் வீட்டு ஆட்கள் எல்லாரும் பக்கத்திலேயே இருக்கிறார்கள், யாரும் யாருடைய படகுக்காகவும் காத்திருக்கவில்லை. அமைதிக்கு விசுவாசம் மட்டும் காரணம் என்று சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

மார்ச் 25

இன்று வானதூதர் மரியாளுக்குச் செய்தி சொன்னதை நினைக்கும் மங்கள வார்த்தைத் திருநாள். திரிகால மணியின் பொருளே இன்றைய திருநாள்தான் என்பதால் காலையில் மணி கேட்டபோது இந்த இழை நினைவுக்கு வந்தது. கேள்வி கேட்ட தங்கச்சி நேற்று எழுதியிருந்ததைப் படித்தேன். "நீங்கள் சொன்னபடி செய்கிறேன். கால் நடக்கிறது. ஆனால் ஒருநாள் படகு வராவிட்டால் இந்தச் செபம் எல்லாம் எதற்கு என்று தோன்றுகிறது." இதற்குச் சுருக்கமாகப் பதில் எழுத முடியாது.

எனக்கு அப்போது இளம் வயது; மூத்தவன் கைக்குழந்தை. மார்கழி மாதம், வாடைக்காற்றில் வடகடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது. காலையில் வரவேண்டிய படகு வரவில்லை. கைபேசி கிடையாது. சேர்ந்து போன மற்றப் படகுகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன; எங்கள் படகை நள்ளிரவுக்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை என்றார்கள். நான் செபமாலையை எடுத்தேன். இரண்டாவது மணியில் நின்றுவிட்டது. வாய் அசைந்தது, உள்ளே ஒன்றும் இல்லை. அப்போது என் அத்தை வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

அத்தையைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் கணவர் கடலுக்குப் போய்த் திரும்பாதவர். உடலும் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு அத்தை ஒருநாளும் காலைப் பூசையை விட்டதில்லை. ஊரில் அவரைப் பெரிய பக்திக்காரி என்பார்கள். பக்கத்தில் முழந்தாளில் நின்றவர்களுக்குத்தான் தெரியும், அவருடைய செபத்தில் வசவுதான் பாதி. "நீர் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தீர், கையை நீட்ட உமக்கு என்ன வந்தது?" என்று பீடத்தைப் பார்த்து முணுமுணுப்பார். குருவானவர் காதில் விழுந்தும் விழாதவரைப் போல இருப்பார். நற்கருணை வாங்கிக்கொண்டு வந்து மறுபடியும் அங்கிருந்தே தொடங்குவார். 88-ஆம் திருப்பாடலைப் படித்துப் பாருங்கள். காலையில் என் மன்றாட்டு உம் திருமுன் வருகிறது என்கிறவன், அடுத்த மூச்சில் ஏன் என்னைத் தள்ளிவிடுகிறீர் என்று கேட்கிறான், கடைசி வரியில் இருட்டோடு முடிக்கிறான். ஒப்புக்குக்கூட ஒரு புகழ்ச்சி வரி கடைசியில் கிடையாது. அதையும் திருச்சபை செபமாக வைத்திருக்கிறது. அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது; அந்தப் பாடலை அவர் வாழ்நாளெல்லாம் சொன்னார்.

அன்றைக்கு அத்தை எனக்கு ஆறுதல் சொல்லவில்லை. செபமாலையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "நான் சொல்றேன், நீ போய்ப் பிள்ளைக்குப் பால் குடு, உலை வை" என்றார். வைத்தேன். யாருக்காக வைக்கிறேன் என்று தெரியாமல் வைத்தேன். சோறு வடித்தேன், குழம்பு கூட்டினேன். அத்தை வாசலில் உட்கார்ந்து செபமாலை சொல்லிக்கொண்டே இருந்தார். பொழுது சாயும் நேரத்தில் இன்னொரு படகு எங்கள் படகைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. அடியில் கயிறு சுற்றி இயந்திரம் நின்றுபோயிருந்தது. அவர் வந்தார், சாப்பிட்டார், தூங்கினார். அத்தை அந்தச் செபமாலையை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டார். முகத்தில் மகிழ்ச்சி இருந்ததா, தம் வீட்டுப் படகு அப்படி வராததன் வலி இருந்ததா என்று என்னால் படிக்க முடியவில்லை.

படகு வந்ததால் செபம் பலித்தது என்று நான் சொன்னால், அத்தையின் செபம் பலிக்கவில்லை என்று சொல்வதாகிவிடும். அதைச் சொல்ல நான் யார்? அந்தப் பகல் முழுவதும் எனக்கு அமைதி என்ற உணர்வு கொஞ்சமும் வரவில்லை. ஆனால் உலை வைத்தேன், பிள்ளையைப் பார்த்தேன். எனக்குச் செபம் நின்றுபோன இடத்தில் இன்னொருத்தி எடுத்துத் தொடர்ந்தாள். படகு வராதவள், படகு வராதோ என்று நடுங்கியவளுக்காக அந்த வாசலில் உட்கார்ந்தாள். ஆண்டவர் கொடுக்கும் அமைதி உலகம் கொடுப்பதைப் போன்றது அல்ல என்று யோவான் 14-இல் வருகிறதே, அதற்கு நான் கண்ணால் பார்த்த விளக்கம் அத்தைதான். ஆகவே படகு வராவிட்டால் இந்தச் செபம் எதற்கு என்ற கேள்விக்கு, வராதவர்களிடம்தான் விடை இருக்கிறது. உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். காலைப் பூசைக்கு அவர்களோடு நடந்து போய்ப் பாருங்கள்.

மார்ச் 26

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, "அப்படியானால் அமைதியை எதிர்பார்க்கவே கூடாதா?" என்று ஒருவர். எதிர்பார்க்கலாம். 130-ஆம் பாடலில் விடியலுக்காய்க் காத்திருக்கும் காவலரைவிட என்ற வரி இரண்டு தடவை வருகிறது. காவலருக்கு விடியும் என்பதில் சந்தேகம் கிடையாது; எப்போது என்பதில்தான் பொறுமை வேண்டும். எதிர்பார்ப்பதே அந்தப் பாடலின் வேலை. வந்ததா வந்ததா என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மனத்தைத் தொட்டுப் பார்ப்பதைத்தான் விடச் சொன்னேன்.

ஏப்ரல் 15

நள்ளிரவு முதல் மீன்பிடித் தடைக்காலம். 61 நாட்கள் விசைப்படகுகள் கரையில். நாட்டுப்படகுகள் போகும். தங்கச்சி எழுதியிருக்கிறார்: "இனி இரண்டு மாதம் அவர் வீட்டில் இருப்பார், காலையில் அமைதியாகச் செபிப்பேன்."

செபியுங்கள். ஆனால் பத்து நாள் கழித்து என்ன வரும் என்று இப்போதே சொல்லிவைக்கிறேன். உயிர்ப்பயம் போன இடத்தில் காசுப்பயம் வந்து உட்காரும். நிவாரணம் 8,000 ரூபாய். வலைக்கு, வார்னிசுக்கு, இயந்திரத்துக்கு, பள்ளிக் கட்டணத்துக்கு என்று கணக்குப் போட்டால் அது எந்த மூலைக்கு? விடியற்காலையில் கண் விழித்ததும் அந்தக் கணக்குத்தான் முதலில் விழிக்கும். பயத்தைவிடக் கணக்கு மோசம். பயம் செபிக்கத் தூண்டும், கணக்கு தூண்டாது, தானே முடித்துவிடலாம் என்று நம்மை நினைக்கவைக்கும். "அந்தந்த நாளுக்கு அன்றன்றுள்ள தொல்லையே போதும்" என்பதைத் தடைக்காலத்தில் படிக்கும்போதுதான் அதில் தொல்லை இல்லை என்று சொல்லப்படவில்லை என்பது கண்ணில் படும். அன்றைய தொல்லைக்கு உரிய கணக்கை மட்டும் போடுங்கள். வலைக் கணக்கை அவர் போடட்டும், வீட்டில்தானே இருக்கிறார்.

இன்னொன்று. ஆண்கள் வீட்டில் இருக்கும் இந்த இரண்டு மாதத்தில்தான் அவர்களைக் காலைச் செபத்துக்குப் பிடிக்க முடியும். கடலுக்குப் போகிற நாளில் படகின் முன்பகுதியைத் தொட்டு முத்தியதோடு அவர்களுடைய செபம் முடிந்துவிடுகிறது. என் வீட்டுக்காரர் தடைக்காலத்தில் யோவான் 21-ஐ மட்டும் வாசிக்கக் கேட்பார். இராமுழுக்க வலை போட்டும் ஒன்றும் படாதவர்களுக்கு விடியும்போது கரையில் நெருப்பு மூட்டி, மீன் சுட்டு, அப்பமும் வைத்துக் காத்திருந்தார் என்ற இடம் வந்ததும், "நிப்பாட்டு, இதுவே போதும்" என்பார். மேற்கொண்டு பேதுருவிடம் கேட்கும் கேள்விகள் வரும் என்று அவருக்குத் தெரியும்.

ஏப்ரல் 18

ஐஸ் கம்பெனியில் இரவு வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "நான் வீட்டுக்கு வரும்போது எல்லாரும் எழுந்திருக்கிறார்கள். நான் படுக்கிறேன். எனக்குக் காலைச் செபம் எது?"

தம்பி, உங்களுக்கு அது இரவுச் செபம். சிமியோனின் பாடலைச் சொல்லிவிட்டுப் படுங்கள். லூக்கா இரண்டாம் அதிகாரத்தில் இருக்கிறது, நான்கே வசனங்கள், உம் அடியானை அமைதியோடு போகவிடுகிறீர் என்பது. இன்னும் சுருக்கமாக வேண்டுமென்றால் நான்காம் திருப்பாடலின் கடைசி வசனம் போதும். ஆறு மணிக்குத் திரிகால மணி அடிக்கும்போது தூங்கிப்போயிருந்தால் கவலைப்பட வேண்டாம். பன்னிரண்டு மணிக்கு மறுபடியும் அடிப்பார்கள். அப்போது எழுந்து செக்கரியாவின் பாடலைச் சொல்லுங்கள், அதுதான் உங்களுக்கு விடியற்காலை. வீட்டில் யாராவது பகல் பன்னிரண்டு மணிக்கு என்ன காலைச் செபம் என்று கேட்டால் என்னிடம் அனுப்புங்கள்.